சம்மணம் போட்ட மாஸ்டர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை உயிர் போகும், ஆறு தடவை மானம் போகும். இரண்டும் திரும்பி வருவதற்குள் அடுத்த மாணவர் வாசலில் வந்து நின்றுவிடுவார். ஊட்டியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையைப் பார்க்கிறேன். கோயமுத்தூரில் இதே வேலையைச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். அங்கே ரோடு ரோடாகக் கிடக்கிறது. இங்கே சமமான இடம் என்று தேடினால் ரேஸ் கோர்ஸும் ஏரியும்தான், இரண்டிலும் பயிற்சிக் காரை விட மாட்டார்கள். மிச்சமெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம்.

அதனால் எங்களிடம் வருகிறவர்கள் முதல் வாரமே ஒரு விஷயத்தைக் கற்றாக வேண்டும். மேட்டில் நிற்கிற வண்டியைப் பின்னால் உருள விடாமல் முன்னால் கிளப்புவது. இடது கால் கிளட்சைப் பாதி விட வேண்டும். அந்தப் பாதியில் வண்டி லேசாக நடுங்கி நிற்கும். அப்போது வலது காலை பிரேக்கிலிருந்து எடுத்து ஆக்சிலேட்டரில் வைத்தால் மேலே ஏறிவிடும். ஹாஃப் கிளட்ச் என்பார்கள். இவ்வளவுதான். இந்த இவ்வளவைச் சொல்லிக்கொடுத்துத்தான் என் தொண்டை போனது. பிள்ளைக்கு வாய்ப்பாடு, தம்பிக்கு சைக்கிள், அப்பாவுக்கு வாட்ஸ்அப் என்று யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்துத் தலையில் அடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் எனக்கு உறவுக்காரர்கள். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

வர்க்கிக்காரர் வீடு

செல்வராஜ் மார்க்கெட் பக்கம் பேக்கரி வைத்திருக்கிறார். அவர் கடை வர்க்கிக்கு வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். அடுக்கடுக்காக மாவை மடித்து, எந்த அடுக்கும் ஒட்டாமல் சுட்டெடுக்கிற கை அது. அந்தக் கைக்குச் சொந்தக்காரரின் கால் மட்டும் பதினெட்டாவது நாளும் கிளட்சை ஒரே உதையில் விட்டது. ஃபெர்ன்ஹில் மேட்டில் வண்டி குலுங்கி அணைந்து பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் காரட் லாரி. "விடுங்க, விடுங்க, விடாதீங்க!" என்று நான் கத்தினேன். அவர் எதை விடுவது, எதை விடாமலிருப்பது என்று தெரியாமல் ஸ்டியரிங்கை விட்டுவிட்டார்.

பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்கார்கிற இடது பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். நான் இரண்டையும் மிதித்து வண்டியை நிறுத்தினேன். லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடம்தான் இருந்தது. செல்வராஜ் நிதானமாகப் பின்னால் திரும்பி, பள்ளத்தில் தெரிந்த தன் வீட்டு ஓட்டுக் கூரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏனுங்க மாஸ்டர், நம்ம ஊடு கீழதான் இருக்குதுன்னு வண்டிக்கு எப்படீங்க தெரிஞ்சுது?"

யோகராஜ் வந்தான்

போன வருடம் எங்கள் முதலாளி இன்னொரு காரை வாங்கி, அதற்கு இன்னொரு மாஸ்டரையும் போட்டார். பெயர் யோகராஜ். முப்பது வயது இருக்கும். பந்தலூர்க்காரன். அப்பா சிலோனிலிருந்து வந்தவர், எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். இவன் பல வருடம் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டியிருக்கிறான். வந்த முதல் நாளே நான் பார்த்த காட்சி இது: ஷூவைக் கழற்றிப் பின்சீட்டுக்கு அடியில் வைத்தான். மாஸ்டர் சீட்டில் ஏறி, இரண்டு காலையும் தூக்கி மடித்து, பந்தியில் உட்கார்கிற மாதிரி சம்மணம் போட்டுக்கொண்டான். வலது கை மட்டும் ஹேண்ட் பிரேக் மேல் இருந்தது. "போங்க" என்றான். வண்டி போயிற்று.

என்ன திமிர் என்று நினைத்தேன். கல்யாணத்துக்கா வந்திருக்கிறான்? ஆனால் பன்னிரண்டாவது நாள் அவனுடைய மாணவி ஒருத்தர், அறுபது வயது டீச்சரம்மா, ஃபெர்ன்ஹில் மேட்டில் வண்டியை நிறுத்திக் கிளப்பிக்கொண்டு போனார். என் வண்டி அதே மேட்டில் அணைந்து நின்றுகொண்டிருந்தது. போகிற போக்கில் அந்தம்மா எனக்குக் கையாட்டினார். அதற்கு அடுத்த வாரத்தில் இன்னும் இரண்டு பேர். மாணவர்கள் அவனுக்குக் காரட் கொண்டுவந்து கொடுத்தார்கள், டீத்தூள் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்குள் எழுந்ததற்கு அக்கறை, ஆதங்கம் என்றெல்லாம் நல்ல பெயர் வைத்துப் பார்த்தேன். வேலைக்காகவில்லை. அது பொறாமைதான். காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடும்.

ஒரு நாள் டீக்கடையில் கேட்டே விட்டேன். "ஏம்ப்பா, வண்டியில சம்மணம் போட்டு உட்கார்றது என்ன பழக்கம்?" அவன் டீயை ஊதிக் குடித்துவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னான்: "கீழ வச்சா காலு சும்மா இருக்க மாட்டேங்குதுண்ணே."

காரை மாற்றிய கதை

காலில் ஏதோ குடைச்சல் போலிருக்கிறது, பாவம், என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு இரவு முழுக்க யோசித்ததில், அவனுடைய ஆட்கள் சீக்கிரம் கற்றுக்கொள்கிற காரணம் பிடிபட்டது. அவனுக்குக் கொடுத்தது புது கார். கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கும். எனக்கு இருப்பது பத்து வருடம் அடிபட்ட கார். இதில் கற்றுக்கொள்கிறவன் எப்படிக் கற்றுக்கொள்வான்? முதலாளியிடம் போய், சீனியர் நான், புது காரை எனக்குத் தர வேண்டும் என்றேன். அவர் யோகராஜைக் கூப்பிட்டார். "அண்ணன் எடுத்துக்கட்டும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் ஆயிற்று. என் மாணவர்கள் புது காரை அதே மேட்டில் அதே மாதிரி அணைத்தார்கள். அவனுடைய மாணவர்கள் பழைய காரில் புகையைக் கக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். நான் மறுபடியும் முதலாளி முன்னால் போய் நின்றபோது, என்ன சொல்ல வந்தேன் என்பதைக் கேட்கக்கூட அவர் காத்திருக்கவில்லை. "சொல்லுங்க மாஸ்டர், அடுத்து எதை மாத்தட்டுமுங்க, ரோட்டையா?"

வீட்டு மாணவி

இந்த நேரத்தில்தான் என் மனைவி கோமதிக்கு ஆர்டர் வந்தது. கோமதி நர்ஸ். ஒன்பது வருடம் ஒப்பந்த வேலை பார்த்து, நிரந்தர வேலைக்காகக் காத்துக்கொண்டிருந்தவள். வந்தது இத்தலாருக்கு அப்பால் ஒரு சின்ன ஊரின் துணை சுகாதார நிலையத்துக்கு. இரண்டு மாதத்துக்குள் சேர வேண்டும். பஸ் மெயின் ரோட்டோடு சரி. அங்கிருந்து தேயிலைக்கும் காரட் தோட்டத்துக்கும் நடுவில் மூன்று கிலோமீட்டர் மேலே ஏற வேண்டும். காட்டுமாடு நிற்கிற வழி, தனியாக நடக்க முடியாது. எனக்கோ காலை ஆறு மணியிலிருந்து வகுப்பு. வீட்டில் பழைய கார் ஒன்று சும்மாதான் நிற்கிறது. அதை ஓட்ட அவளிடம் லைசென்ஸ் இருந்தால் போய் வரலாம். இல்லாவிட்டால் அங்கேயே வீடு எடுத்துத் தங்க வேண்டும். மகள் பத்தாம் வகுப்பு. "அவளை விட்டுப்போட்டு நான் தங்க மாட்டேன்" என்று கோமதி முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆக, லைசென்ஸ் இல்லையென்றால் ஒன்பது வருடம் காத்திருந்த வேலை கையை விட்டுப் போகும்.

இருபத்திரண்டு வருட மாஸ்டர் வீட்டிலேயே இருக்கும்போது என்ன கவலை என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன். ஸ்கூல் காரில் தினமும் காலை ஐந்தரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிரசவ வலியில் துடிக்கிறவர்களைப் பதறாமல் பார்த்துக்கொள்கிறவள், என் பக்கத்தில் உட்கார்ந்து கிளட்சைத் தொட்டதும் பதறினாள். ஒரு மாதம் இப்படிப் போயிற்று. சில நாள் வண்டி சரியாக ஏறும். எப்படி ஏறியது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. சில நாள் அணைந்துவிடும். ஏன் அணைந்தது என்றும் தெரியாது. ஒரு காலை மூடுபனியில் லவ்டேல் மேட்டில் நான் கத்திய கத்தலில், தேயிலை பறிக்க ரோட்டோரம் நடந்துகொண்டிருந்த பெண்கள் நின்று எங்களைப் பார்த்தார்கள். கோமதி இன்ஜினை அணைத்தாள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். அதை மட்டும் சரியாகப் போட்டாள். இறங்கி, வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பிப்பதற்கு முன் ஜன்னல் வழியாகக் குனிந்து கேட்டாள்: "நீங்க எனக்குச் சொல்லிக் குடுக்கறீங்களா, இல்ல வண்டிக்குச் சொல்லிக் குடுக்கறீங்களா?"

புது பிரேக் இன்ஸ்பெக்டர்

லைசென்ஸுக்கு டெஸ்ட் வைக்கிற அதிகாரியை எங்கள் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வோம். முன்பு இருந்தவர்கள் பின்சீட்டில் உட்கார்வார்கள். நான் என் இடத்தில், மாணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என் மாணவர்கள் பயிற்சியில் எப்படி அழுதாலும் டெஸ்டில் தேறிவிடுவார்கள். அதுதான் என் பெருமை. மாஸ்டர் பக்கத்தில் இருந்தால் ஒரு தைரியம் என்பார்கள். நானும் தலையாட்டிக்கொள்வேன்.

புதிதாக மாறி வந்தவர் அந்தப் பழக்கத்தை மாற்றிவிட்டார். இடது கதவைத் திறந்து, "நீங்க இறங்கிக்குங்க" என்று சொல்லி என் சீட்டில் அவர் உட்கார்ந்துகொண்டார். மாணவர்களிடம் தன்மையாகத்தான் பேசினார், பதற வேண்டாம் என்றார், கால்களைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டார். அன்று என் பக்கம் நாலு பேர், யோகராஜ் பக்கம் இரண்டு பேர். அவனுடைய இரண்டு பேரும் மேட்டில் நிறுத்தி, கிளப்பி, வளைவு திரும்பி வந்துவிட்டார்கள். என் நாலு பேரும் ஒருவர் விடாமல் அதே இடத்தில் வண்டியை அணைத்தார்கள். மூன்றாவதாகப் போனவர் வர்க்கி செல்வராஜ். நாலாவதாகப் போனவள் கோமதி.

கோமதி அழவில்லை. டெஸ்ட் வைக்கிற மைதானத்து ஓரமாகப் போய், மறுபடி எப்போது தேதி கிடைக்கும் என்று விசாரித்தாள். மூன்று வாரம் கழித்து என்றார்கள். வேலையில் சேர வேண்டிய நாளுக்கு நாலு நாள் முன்னால். நான் காரைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வராஜ் பக்கத்தில் வந்து, யாரோ செத்துப்போன வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்: "ஏனுங்க மாஸ்டர், நீங்க எறங்குனதுமே அது வேற வண்டியா ஆயிப்போச்சுங்க."

ஷூ தைக்கிறவர்

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஷூ தைக்கிறவரிடம் போனேன். இடது ஷூவின் முன் அடி தேய்ந்து, ஈரத்தில் நடந்தால் சாக்ஸ் நனைகிறது. இதே ஷூவுக்கு ஆறு மாதத்துக்கு முன்னால்தான் அடி போட்டார். அவர் வலது ஷூவையும் வாங்கி, இரண்டையும் கவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வலது ஷூவின் அடி கடையில் வாங்கிய மாதிரியே இருந்தது. "நீங்க டிரைவிங் சொல்லிக் குடுக்கறவருதானுங்களே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார்: "அப்ப ஓட்டறது அவிங்கன்னு சொல்லுங்க, தேய்மானத்தைப் பாத்தா நீங்கன்னு நெனச்சுட்டேன்."

ஆறுதல்

முதலாளி கோமதியை யோகராஜிடம் மாற்றிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. கோமதியும் கேட்கவில்லை. முதல் நாள் போய்விட்டு வந்து, பாட்டுப் பாடாத குறையாகச் சமையல் செய்தாள். எப்படிப் போயிற்று என்று கேட்டேன். "யோகராஜ் தம்பி நல்லா ஆறுதலா சொல்லிக் குடுக்குதுங்க" என்றாள்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆறுதலா? இவளுக்கு என்ன துக்கம்? நான் உயிரோடுதானே இருக்கிறேன்? மறுநாளும் அதே வார்த்தை. "ஆறுதலா ஆறுதலான்னு சொல்லிக்கிட்டே இருக்குதுங்க, கேட்டாலே கால் நிதானத்துக்கு வந்துருது." மூன்றாம் நாள் காலை எழுந்து பார்த்தால் அடுப்பில் நெய்ப் பணியாரம். எடுக்கப் போனேன். "அது அந்தத் தம்பிக்குங்க, உங்களுக்கு இட்லி இருக்குது" என்றாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் நான் கேட்டு மூன்று தடவை, கேட்காமல் இரண்டு தடவை நெய்ப் பணியாரம் சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று ஒரு வகுப்பைத் தள்ளிப் போட்டுவிட்டு ஸ்கூட்டரில் அவர்கள் வண்டிக்குப் பின்னாலேயே போனேன். முத்தோரை பாலாடா போகிற வழியில் ஒரு ஏற்றத்தில் வண்டி நின்றது. நான் ஒரு யூகலிப்டஸ் மரத்துக்குப் பின்னால் நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது. அவனுடைய குரல் தெளிவாகக் கேட்டது. "ஆறுதலா... ஆறுதலா... அவசரமில்லக்கா, ஆறுதலா." வண்டி நடுங்கி நின்று, ஒரு அங்குலம்கூடப் பின்னால் வராமல் மேலே ஏறிப் போயிற்று. கோமதி ஏறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் முதல் நினைப்பு, அவனிடம் ஏறிவிட்டாளே என்பதுதான்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் அவனை மடக்கினேன். "என்ற பொண்டாட்டிக்கு நீ என்னப்பா ஆறுதல் சொல்றே?" என்றேன். அவன் விழித்தான். பிறகு புரிந்து, காது வரை சிவந்துபோய்ச் சொன்னான். அவனுடைய அப்பா சிலோனில் கண்டிப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே ஆறுதலா என்றால் மெதுவாக, நிதானமாக என்று அர்த்தமாம். அவனுக்கு லாரி ஓட்டச் சொல்லிக்கொடுத்தபோது அவர் அப்படித்தான் சொன்னாராம். கிளட்சை ஆறுதலா விடு, கியரை ஆறுதலா போடு. "வேற வார்த்தை எனக்கு வரலண்ணே" என்றான். "மெதுவான்னு சொல்லித் தொலைக்கறதுதானே? நான் அப்படித்தானே சொல்றேன்" என்றேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, நீங்க மெதுவான்னு சொல்றது இந்தக் கடை வரைக்கும் கேக்குது."

காலைத் தூக்கி வைத்தேன்

டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னால் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று யோகராஜ் பந்தலூருக்குப் போய்விட்டான். கோமதிக்குக் கடைசிப் பயிற்சிக்கு ஆள் இல்லை. நான்தான் போக வேண்டியதாயிற்று. அவள் முகமே சரியில்லை. லவ்டேல் மேட்டில் வண்டி ஏறியதும் அணைந்தது. மறுபடி கிளப்பினாள், மறுபடியும் அணைந்தது. அவனிடம் ஏறிய வண்டி என்னிடம் ஏறவில்லை என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காம செய்யுங்க. ஷூவைக் கழட்டுங்க. காலைத் தூக்கி மேல வைங்க."

ஐம்பத்திரண்டு வயதில், இந்த வயிற்றோடு, காருக்குள் சம்மணம் போடுவது லேசில்லை. முட்டி கியர் ராடில் இடித்தது. எப்படியோ உட்கார்ந்து, கையை ஹேண்ட் பிரேக் மேல் வைத்துக்கொண்டேன். கோமதி கிளட்சை மிதித்துக் கியரைப் போட்டாள். அப்போதுதான் அது நடந்தது. தொடைக்கு அடியில் மடிந்து கிடந்த என் இடது கால், தானாகவே முன்னால் போகப் பார்த்தது. நான் சொல்லவில்லை. அது பாட்டுக்கு விரலை நீட்டிக் கிளட்சைத் தேடியது. கிடைக்கவில்லை. மறுபடி தேடியது. எனக்கு நெற்றியில் வியர்த்துவிட்டது, ஊட்டியில், விடிகிற நேரத்தில்.

ஷூ தைக்கிறவர் சொன்னது, செல்வராஜ் சொன்னது, காலு சும்மா இருக்காது என்று யோகராஜ் சொன்னது எல்லாம் அந்த மேட்டில் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. மாணவர் பாதியில் தடுமாறுகிற ஒவ்வொரு தடவையும் என் கால் கிளட்சை மிதித்துப் பிடித்துக்கொடுத்திருக்கிறது. வண்டி ஏறியதும் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நான் நினைத்திருக்கிறேன், அவர்களும் நினைத்திருக்கிறார்கள். அவர்கள் காலுக்கு அந்தப் பாதி எங்கே இருக்கிறது என்று தெரியவே வாய்ப்பு இல்லை. நான் விட்டால்தானே? கோமதி தனக்குத்தானே முணுமுணுத்தாள், "ஆறுதலா, ஆறுதலா." வண்டி நடுங்கியது, நின்றது, ஏறியது. உச்சிக்குப் போனதும் ஓரமாக நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, மூச்சு விடுங்க. மேல வந்தாச்சு."

டெஸ்ட் அன்று

அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் என்னை இறங்கச் சொல்வதற்கு முன்னால் நானே இறங்கிவிட்டேன். பந்தலூரிலிருந்து முதல் பஸ்ஸில் யோகராஜ் வந்திருந்தான். இருவரும் மைதானத்து ஓரம் நின்றோம். கோமதி மேட்டில் வண்டியை நிறுத்தினாள். அந்த நாலு விநாடியில், நின்ற இடத்திலேயே என் இடது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. யோகராஜ் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றான். அப்படி நிற்க முடிகிறதே என்று அப்போதும் அவனைப் பார்த்து எரிந்தது. வண்டி ஏறியது. வளைவில் திரும்பியது. திரும்பி வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் தாளில் ஏதோ எழுதி, தலையை ஆட்டினார்.

கோமதி இறங்கி, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நேராக யோகராஜிடம் போய்க் கொடுத்தாள். நெய்ப் பணியாரம். எனக்கு ஒரு டப்பா இருக்கும் என்று பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை. வீட்டுக்குப் போகிற வழியில் உண்மையை அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, கால் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சந்தேகம் தீர்த்துக்கொள்கிற மாதிரிதான் கேட்டாள்: "அப்ப இத்தனை வருசமா லைசென்ஸ் வாங்குனதெல்லாம் உங்க காலுங்களா?"

இத்தலார் ஏற்றம்

வேலையில் சேருகிற அன்று என்னையும் கூட வரச் சொன்னாள். வீட்டுக் காரை அவள்தான் ஓட்டினாள். பாலாடாவில் காரட் கழுவுகிற இடத்தில் லாரிகள் வழியை அடைத்து நின்றன, பொறுமையாக நின்று ஒதுங்கிப் போனாள். இத்தலார் தாண்டி, பஸ் நிற்கிற இடத்திலிருந்து அந்த மூன்று கிலோமீட்டர் ஏற்றம். பாதியில் ஒரு காட்டுமாடு ரோட்டின் குறுக்கே வந்து நின்று எங்களைப் பார்த்தது. கோமதி நிறுத்தினாள். செங்குத்தான இடம், ஒரு பக்கம் பள்ளம். மாடு போகிற வரை காத்திருந்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கிளட்சை விட ஆரம்பித்தாள்.

நான் சம்மணம் போட்டுக்கொள்ள மறந்திருந்தேன். வண்டி நடுங்கியபோது என் இடது கால் முழு பலத்தோடு மிதித்தது. அங்கே கிடந்தது வெறும் ரப்பர் விரிப்பு. வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் ஏறியது. கோமதி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த வளைவு திரும்பிய பிறகுதான், குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "ஏனுங்க, இந்த வண்டியில அந்தப் பக்கம் பெடல் கிடையாதுங்க."

ஆகவே இந்த மலையில் எங்கேயாவது ஒரு மேட்டில் உங்களுக்கு முன்னால் நிற்கிற கார் பின்னால் உருண்டு வந்தால் ஓட்டுகிறவரைத் திட்டாதீர்கள், அநேகமாக அவர் என் பழைய மாணவராக இருப்பார், அவருக்கு லைசென்ஸ் வாங்கித் தந்த என் கால் இந்நேரம் வேறொரு காரில் சம்மணம் போட்டு மரத்துப்போய், மரத்தே போகாத யோகராஜின் காலைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கும்.